பார்வை தெளியவில்லையே, சொட்டு மருந்து எதற்கு?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. எட்டு மாதங்களுக்கு முன் கண்ணாடி மாற்றச் சென்றபோது, கண் நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமா இரு கண்களிலும் இருப்பது தெரியவந்தது. அழுத்தம் வலக் கண்ணில் 28, இடக் கண்ணில் 26. இரவில் ஊற்ற லட்டானோபிராஸ்ட் கொடுத்தார்கள். சென்ற மாதம் காலையிலும் மாலையிலும் ஊற்ற டிமோலாலும் சேர்த்தார்கள். "இத்தனை மாசமா ஊத்துறேன், பார்வை கொஞ்சங்கூடத் தெளியலை; கண்ணு சிவந்து இமை கறுத்ததுதான் மிச்சம்" என்று சொல்லி அடிக்கடி நிறுத்திவிடுகிறார்; மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய வாரம் மட்டும் தவறாமல் ஊற்றுகிறார். தொடர்ந்து ஊற்றினால் ஒரு லட்டானோபிராஸ்ட் குப்பி 12 நாட்களில் தீர்ந்துவிடுகிறது. பத்து நாட்களாக மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. முன்பு இளைப்புக்கு இன்ஹேலர் பயன்படுத்தியவர். வயதின் காரணமாக இருக்கலாம் என்று விட்டுவிட்டோம்.
— வாசகி, கும்பகோணம்

பதில்: கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கும் மூச்சுவாங்கலுக்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். அவசரம் கருதி இதழ் அச்சாகும் முன்பே தங்களுக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டோம். மற்ற வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கண்ணில் விழும் சொட்டில் ஒரு பங்கு, மூக்கை ஒட்டிய இமை விளிம்பிலுள்ள சிறு துளை வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்குள்ள மென்சவ்வின் மூலம் நேராக இரத்தத்தில் கலக்கிறது. விழுங்கும் மாத்திரையைப் போல முதலில் கல்லீரலைக் கடந்து வலுவிழந்து வருவதில்லை. டிமோலால், இதயத்துடிப்பைக் குறைக்கத் தரப்படும் சில மாத்திரைகளின் இனத்தைச் சேர்ந்தது என்பதால், கண்ணுக்கு ஊற்றினாலும் நாடித்துடிப்பைக் குறைக்கவும், மூச்சுக்குழாயைச் சுருக்கிப் பழைய இளைப்பைத் தூண்டவும் அதனால் முடியும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கூடாது. டிமோலாலை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, அன்றைக்கே கண் மருத்துவரிடம் இளைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத்தான் செல்ல வேண்டும். மாற்றாகப் பிரின்சோலமைடு, டார்சோலமைடு போன்ற சொட்டு மருந்துகளும் லேசர் சிகிச்சையும் உள்ளன. கண்ணுக்கும் இளைப்புக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். கேட்காமல் விடுகிற மருத்துவர்களும் உண்டு, அது எங்கள் பக்கத்துப் பிழை.

தங்கள் தந்தையாரின் மனக்குறை நியாயமானதே. எட்டு மாதம் ஊற்றியும் பலன் கண்ணுக்குத் தெரியாத மருந்தை யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் இது பார்வையைத் தெளியவைக்கும் மருந்தன்று. கண்ணின் முன்பகுதியில் ஓயாமல் ஒரு நீர் சுரந்து, அதே அளவில் வடிந்துகொண்டிருக்கிறது. வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறி, பின்னால் உள்ள பார்வை நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக அழிகின்றன. அழிந்த இழை மீண்டும் முளைப்பதில்லை. பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் போகும் என்பதால், நாளிதழின் பொடியெழுத்தைப் படிப்பவர்கூட வாசற்படியில் தோளை இடித்துக்கொள்வார்; நோய் இருப்பதே அவருக்குத் தெரியாது. டிமோலால் நீர் சுரப்பதைக் குறைக்கிறது. லட்டானோபிராஸ்ட் வேறொரு பாதை வழியாக நீரை வடியவைத்து, அழுத்தத்தை 25 முதல் 33 விழுக்காடு வரை இறக்குகிறது. ஸ்வீடனில் நடந்த ஒரு நெடுங்கால ஆய்வில், அழுத்தம் பாதரச அளவில் 1 மி.மீ. குறையும்போது நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவதாகக் கண்டார்கள். இருக்கிற பார்வை இப்படியே இருப்பதுதான் இம்மருந்தின் பலன்.

மருத்துவமனைக்குப் போகும் வாரம் மட்டும் ஊற்றுவது, ஊற்றாமலே இருப்பதைவிடச் சிக்கலானது. அன்றைக்கு அழுத்தம் 18 என்று வரும். ஆனால் பக்கவாட்டுப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பார்வைப்புலப் பரிசோதனையில் இழப்பு கூடியிருக்கும். 18-உம் இவருக்குப் போதவில்லை போலும் என்று கருதி மருத்துவர் இன்னொரு மருந்தைச் சேர்ப்பார். இளைப்பைக் கொண்டுவந்த டிமோலால் இந்த வழியாகவே வந்து சேர்ந்திருக்கலாம். விட்டுவிட்டு ஊற்றியதை அடுத்த முறை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

இனி அந்தக் குப்பிக் கணக்கு. 2.5 மி.லி. குப்பியில் ஏறத்தாழ 80 சொட்டுகள் இருக்கும். இரவுக்கு ஒரு கண்ணுக்கு ஒன்று வீதம் இரண்டு சொட்டு என்றால், ஒரு மாதம் தாராளமாக வர வேண்டும். 12 நாட்களில் தீர்கிறதென்றால், ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று சொட்டுக்கு மேல் போகிறது. ஒரு சொட்டையே கண்ணால் முழுதாகப் பிடித்துவைக்க முடியாது. மிஞ்சியது கன்னத்தில் வழிகிறது, அல்லது மூக்குக்குள் இறங்குகிறது. லட்டானோபிராஸ்டை ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் ஊற்றினால் அதன் பலன் குறையவும் கூடும். வழிந்த மருந்து படும் தோல்தான் கறுக்கிறது; தொடக்கத்தில் கண் சிவப்பது இம்மருந்தில் வழக்கம், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குறையும்.

கையைக் கழுவிக்கொண்டு அவர் மல்லாந்து படுக்கட்டும். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்தால் சிறு பை போல ஓர் இடம் கிடைக்கும். குப்பியின் நுனி இமையிலோ மயிரிலோ படாமல் அதற்குள் ஒரே ஒரு சொட்டு. பிறகு கண்ணைச் சிமிட்டாமல், இறுக்காமல் மூடி, கண்ணும் மூக்கும் சேரும் மூலையை ஆள்காட்டி விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்; மருந்து மூக்குக்குள் இறங்கும் வழி அதனால் அடைபடும். வழிந்ததை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். கை நடுங்கினால் தாங்களே ஊற்றிவிடுங்கள்.

தங்களுக்கு 40 வயதாகியிருந்தால் தாங்களும், தந்தையாரின் உடன்பிறந்தவர்களும் ஒரு முறை கண் அழுத்தமும் பார்வை நரம்பும் பார்த்துக்கொள்வது நல்லது. இந்நோய் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது.

கேள்வி: லட்டானோபிராஸ்டைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டுமா? வெளியூர் போகும்போது என்ன செய்வது?
— வாசகர், விருதுநகர்

பதில்: பிரிக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைபெட்டியில் வைக்கக் கூடாது. பிரித்தபின் 25 டிகிரி வரை வெளியே இருக்கலாம் என்பார்கள், ஆனால் விருதுநகர் வெயிலில் அது நடக்கிற காரியமா? குளிர்பெட்டியின் கதவுத் தட்டிலேயே வைத்துவிடுங்கள். வெளியில் வைக்கும்படியே தயாரிக்கப்பட்டவையும் விற்கின்றன. அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஓரிரு நாள் பயணத்தில் கைப்பையில் இருப்பதால் கெட்டுவிடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடாதீர்கள். ஓர் இரவு மறந்துபோனால், மறுநாள் இரவு வழக்கம்போல் ஒரு சொட்டு போதும். பிரித்த தேதியைக் குப்பியின் மேல் எழுதிவைத்து, நான்கு வாரம் ஆனதும் மிச்சம் இருந்தாலும் எறிந்துவிடுங்கள்.