பக்கத்து லேனில் நின்றவர்

அன்புள்ள ஐயா,

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் மூத்த உறுப்பினர் ஒருவர் போன மாதம் இறந்துவிட்டார். பயிற்சியாளர் இல்லை, எங்களைப் போல ஆசைக்குச் சுட வந்தவர்தான். ஆனால் எங்களில் பாதிப் பேருக்கு ரைஃபிளைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். ஒன்பது வருடம் அவருக்குப் பக்கத்து லேனில், அதாவது அடுத்த சுடும் இடத்தில், நின்றிருக்கிறேன். அவர் வீட்டுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. இறுதிச் சடங்குக்கும் போகவில்லை. அங்கே போய் நான் யாரென்று சொல்லிக்கொள்வது? இப்போது அவர் பெயரில் ஒரு போட்டி வைக்கலாமா, அவருடைய சிறந்த ஸ்கோர்களைப் பலகையில் எழுதி மாட்டலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வானத்தை நோக்கிச் சுட்டு மரியாதை செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ‘பொழுதுபோக்குக்குப் போன இடத்தில் பழகியவருக்கு இவ்வளவு துக்கமா’ என்று என் மனைவி கேட்கிறாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புள்ள நண்பருக்கு,

வானத்தை நோக்கிச் சுடுவது வேண்டவே வேண்டாம். துப்பாக்கிக் குழாய் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கட்டும் என்று அவர் உங்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அவர் பெயரைச் சொல்லியே அதை மீறுவதா? போட்டி வையுங்கள், நல்லதுதான். பலகை உங்கள் விருப்பம்.

‘அங்கே போய் நான் யாரென்று சொல்லிக்கொள்வது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். படித்ததும் கோபம் வந்தது. இதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு நானும் ஒரு வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். இந்தச் சில வாரங்களாக அந்த நினைப்பாகவே இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

அது எங்கள் கிளப்பில் எனக்குச் சுடச் சொல்லிக்கொடுத்தவரின் வீடு. அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள். உங்களுக்குத் தெரியும், அந்த இலக்கு அட்டையில் முழு மதிப்பெண்ணான பத்துக்கான நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். நாம் சுடும் பெல்லட், அந்தச் சின்னக் குண்டே 4.5 மில்லிமீட்டர். புதிதாக வருகிறவனுக்கு அந்தப் புள்ளியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. சுட்டவுடனே துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு எங்கே பட்டது என்று எட்டிப் பார்ப்பான். நானும் அப்படித்தான். அண்ணன் அரை அடி பின்னால் நின்றுகொண்டு, “இறக்காதே” என்பார். ட்ரிகர் விழுந்த பிறகும் பெல்லட் குழாயைத் தாண்டச் சின்ன அவகாசம் வேண்டும், அதற்குள் உடம்பு தளர்ந்தால் குறி போய்விடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர் அதோடு விடமாட்டார். “எங்கே போயிருக்கும்? பார்க்காமல் சொல்” என்பார். நான் சொன்ன பிறகுதான் அட்டையை இழுப்பார்.

ஒருநாள் “ஒன்பது, இடது பக்கம்” என்றேன். அட்டை வந்தது, பத்து! நான் துள்ளினேன். அண்ணன் முகத்தில் ஒன்றுமில்லை. “இது உன்னுடையது இல்லை” என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை மாட்டினார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, “எட்டு. வலது பக்கம், சற்றுக் கீழே” என்றேன். சொன்ன இடத்திலேயே ஓட்டை இருந்தது. அந்த மனிதர் சிரித்தாரே ஒரு சிரிப்பு! எல்லா லேன்களிலும் தலைகள் திரும்பின. பென்சிலால் அந்த எட்டைச் சுற்றி வட்டம் போட்டு, மூலையில் தேதி எழுதி என்னிடம் கொடுத்தார். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

பலகையில் ஸ்கோர் எழுதுவது பற்றி எனக்குச் சுரத்தில்லாமல் போனது இதனால்தான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸ், படுத்தும் நின்றும் மண்டியிட்டும் சுடும் 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிள் போட்டியில் முன்னணியில் நின்று, கடைசிக் குண்டைப் பக்கத்து லேனின் இலக்கில் சுட்டார். பூஜ்யம். எட்டாம் இடத்துக்குப் போனார். அன்று அவரைத் தேடி வந்து ஆறுதல் சொன்ன செக் வீராங்கனை கேத்தரினா குர்கோவாவையே 2007-இல் திருமணம் செய்துகொண்டார். சுடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கதை வந்துவிடும். தங்கம் வென்ற ஜியா ஜான்போ எத்தனை புள்ளி எடுத்தார் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் இறந்தபோது நான் போகவில்லை. உறவா, சிநேகிதமா, என்னவென்று போய் நிற்பது என்று தயங்கினேன். பதினொரு மாதம் கழித்து அவர் மகள் சொல்லி அனுப்பினார்: ரைஃபிளை என்ன செய்வதென்று தெரியவில்லை, வந்து பார்க்க முடியுமா?

போனேன். பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்ததும், பழக்கத்தில் பெல்லட் போடும் இடத்தைத் திறந்து காலியா என்று பார்த்தேன். “அப்பாவும் எடுத்தவுடனே இதைத்தான் செய்வார்” என்றார் மகள். தோளில் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. கன்னம் வைக்கும் கட்டை எனக்கு உயரம், தோளில் பதியும் பின்தகடு எனக்குத் தாழ்வு. அவருடைய கழுத்துக்கும் தோளுக்கும் திருகித் திருகி அமைத்தது. அவர் உடம்பின் அளவு அப்படியே அதில் இருந்தது.

அப்புறம் அந்தப் பெண் கேட்டார்: “அப்பா அங்கே பேசுவாரா?”

வீட்டில் அவர் வாயே திறக்க மாட்டாராம். நான் அந்த எட்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்ததைச் சொன்னேன். “சத்தமாகவா? அப்பாவா?” என்று மறுபடி சொல்லச் சொன்னார். உள்ளேயிருந்து அவருடைய அம்மாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது முறையும் சொன்னேன். கடைசியில் அந்த அம்மா, “இதை அப்போதே வந்து சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். என்னிடம் பதில் இல்லை.

உங்களுக்கு ஒன்பது வருடம் இருக்கிறது ஐயா! ஒன்பது வருடம் ஒரு மனிதர் எப்படி நின்றார், எதற்குச் சிரித்தார், எவனுடைய முழங்கையைத் தொட்டுச் சரிசெய்தார் என்று அவர் பெற்ற பிள்ளைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, நான் யாரென்று சொல்வது என்கிறீர்கள். பக்கத்து லேனில் நின்றவன் என்று சொல்லுங்கள், போதாதா? ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று யோசிக்காதீர்கள். நான் பதினொரு மாதம் கழித்துப் போனபோதே அவர்கள் கதவைத் திறந்தார்கள்.

உங்கள் மனைவி கேட்டதில் தப்பில்லை. இறந்தவரைப் பற்றி நீங்கள் வீட்டில் பேசியே இருக்கமாட்டீர்கள். இன்று இரவு உட்கார்ந்து சொல்லுங்கள். முடிந்தால் மனைவியையும் அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

முகவரி கிளப் பதிவேட்டில் இருக்கும். அவர் கையெழுத்துள்ள அட்டை ஏதாவது உங்களிடம் இருந்தால் எடுத்துப்போங்கள். அவர்கள் ரைஃபிளைக் காட்டினால், அந்தத் திருகுகளை மட்டும் இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.