ஓஹிப்ளாங்கா ஆலிவ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தெற்கு ஸ்பெயினில் விளையும் ஓஹிப்ளாங்கா ரகத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

மேடம், பெயரே வாயில் நுழையவில்லையே. என்ன அர்த்தம்? (சுமதி)

ஓஹா என்றால் இலை, பிளாங்கா என்றால் வெள்ளை. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல இருக்கும். எல்லா ஆலிவுக்கும் ஓரளவு அப்படித்தான், இதற்குக் கொஞ்சம் தூக்கல். கோர்தோபா மாகாணத்தின் லுசேனா பக்கம் காற்றடிக்கிற நாளில் நின்றால், பச்சையாக இருந்த குன்று ஒரு நொடி வெளுத்து மறுபடி பச்சையாகும். பெயர் வைத்தவர் அதைப் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்பது என் ஊகம்.

இது எண்ணெய் ரகமா, ஊறவைத்துச் சாப்பிடும் ரகமா? (கார்த்திக்)

இரண்டும்தான். எப்போது பறிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். செப்டம்பர், அக்டோபரில் பச்சையாகப் பறித்தால் ஊறவைக்கப் போகும். விட்டுவைத்து நவம்பர் முதல் ஜனவரிவரை பறித்தால் செக்குக்கு. ஒரே தோட்டத்தில் இரண்டும் நடக்கும். எதற்கு விலை நன்றாக இருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்வார்கள்.

எண்ணெய் என்று மட்டும் பார்த்தால் இது வள்ளல் இல்லை. 100 கிலோ காய்க்கு 17, 18 கிலோ எண்ணெய் தேறும். பக்கத்து ஹாயென் மாகாணத்தின் பிக்குவால் ரகம் இதைவிடத் தாராளம். இன்னொரு தொல்லை, காம்பைக் காய் லேசில் விடாது. மரத்தைப் பிடித்து உலுக்குகிற இயந்திரம் வந்தாலும் பாதி அங்கேயே தொங்கும். கழியால் அடித்தால் இளங்கொம்பு முறியும், அந்தக் காயத்தின் வழியாகக் கிளையில் முடிச்சுமுடிச்சாகக் கட்டி வரும் பாக்டீரியா நோய் புகும். ஆனால் அதே காயின் சதை கெட்டியாக இருப்பதால் ஊறவைத்தாலும் குழையாது. எண்ணெய்க்காரர் திட்டுகிற காயை டப்பாக்காரர் தேடி வாங்குகிறார்.

மரத்திலிருந்து ஒன்றைப் பறித்துக் கடித்தேன். அரை மணி நேரம் வாய் கசந்தது! (ரவி)

பாகற்காய் தேவலை என்று தோன்றியிருக்குமே. ஓலியூரோபின் என்ற பொருளின் வேலை அது. பச்சை ஆலிவைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சில மணி நேரம் போட்டு, பலமுறை அலசி, உப்புநீரில் மாதக்கணக்கில் புளிக்கவிட்ட பிறகே சாப்பிட ஆகும். கிராமத்து வீடுகளில் காயை நசுக்கியோ கீறியோ தினம் தண்ணீர் மாற்றி ஊறவைப்பார்கள். நாள் பிடிக்கும், ஆனால் எனக்கு அந்த லேசான கசப்புதான் பிடிக்கும்.

பீட்சாவில் போடும் கறுப்பு வளையம் மரத்தில் பழுத்ததுதானே? (நிவேதா)

பெரும்பாலும் இல்லை! பச்சையாகப் பறித்ததுதான். காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு, பிறகு தண்ணீரில் காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். காயிலுள்ள பொருள்கள் காற்றுபட்டுக் கறுக்கும். அந்தக் கறுப்பு வெளுக்காமலிருக்க இரும்பு உப்பு சேர்ப்பார்கள். டப்பாவின் பின்பக்கம் இரும்பு குளுக்கோனேட் அல்லது இ 579 என்று சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள். வளையத்தைக் குறுக்கே வெட்டினால் தோலும் சதையும் ஒரே கறுப்பு. மரத்தில் பழுத்தது ஊதாவும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும், விரலுக்கு மெத்தென்று அமுங்கும்.

ஸ்பெயினில் இந்த வேலைக்கு அதிகம் போவது ஓஹிப்ளாங்காதான். டப்பாவைச் சூடேற்றிக் கிருமி நீக்கும்போதும் இந்தச் சதை தாங்கும். 2018இல் ஸ்பெயினின் கறுப்பு ஆலிவுக்கு அமெரிக்கா கூடுதல் வரி போட்டபோது ஓஹிப்ளாங்கா விவசாயிகள் பலமாக அடிவாங்கினார்கள்.

ஓஹிப்ளாங்கா எக்ஸ்ட்ரா வர்ஜின் (முதல் தர) எண்ணெய் வாங்கினேன். தொண்டை காறுகிறது. கெட்டுப்போச்சா? (மீனா)

இல்லை, புதுசு என்று அர்த்தம். ஓலியோகாந்தால் என்ற பொருள் தொண்டையில் அப்படிக் காறும். நல்ல ஓஹிப்ளாங்கா நாக்கில் முதலில் இனிப்பாக இறங்கும், அறுத்த புல் வாசனை வரும், கடைசியில் மிளகுக் காரமும் பச்சைப் பாதாம் ருசியும். சிக்கு வாடையோ பழைய நிலக்கடலை வாடையோ வந்தால்தான் கெட்டது. ஒன்று, பிக்குவால் எண்ணெய்போல இது நாள்பட நிற்காது. சின்ன பாட்டிலாக வாங்கி, அடுப்பங்கரை வெளிச்சத்தில் வைக்காமல் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

விவசாயிக்கு இதில் என்ன லாபம்? (பழனி)

சுண்ணாம்பு மண்ணிலும் பிழைக்கும், குளிரையும் ஓரளவு தாங்கும். ஆனால் மாமரம்போல ஒரு வருஷம் கொட்டிக் காய்த்தால் மறுவருஷம் கையை விரிக்கும். மண்ணிலிருக்கும் பூஞ்சையால் வரும் வெர்ட்டிசிலியம் வாடல் நோயும் சுலபமாகப் பிடிக்கும்.

சிவகங்கையில் நட்டால் காய்க்குமா? (அதே பழனி)

தழைக்கும், காய்க்காது. பூமொட்டு கட்ட ஆலிவுக்குக் குளிர்காலக் குளிர் வேண்டும். ராஜஸ்தானில் இஸ்ரேலிலிருந்து கன்று தருவித்து நட்டார்கள் என்றால், அங்கே குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறது.

அக்கா, எங்கட ஊரில சிலோன் ஒலிவ் எண்டு வெரளிக்காயைத்தான் சொல்லுவினம். ரெண்டும் சொந்தமோ? (தர்சினி)

பார்க்கத்தான் அண்ணன் தங்கை மாதிரி இருக்கும், தங்கச்சி. வெரளி உருத்திராட்சக் குடும்பம், ஆலிவ் நம்ம மல்லிகைக் குடும்பம். வெரளிக்காயை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு அப்படியே சாப்பிடலாம். ஆலிவை அப்படிச் சாப்பிட்ட ரவி என்ன ஆனார் என்று மேலே பாருங்கள்.