இசே கோயில் புதுக் கட்டடம்தான், ஆனாலும் போங்கள்

"ஜப்பானின் இசே கோயில் 1300 வருடப் பழமை என்கிறார்கள், கட்டடமோ 2013இல் கட்டியதாம். ஒரே ஒரு நாளை அம்மாவுடன் அங்கே செலவிடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். அங்கே பழையது கட்டடம் இல்லை, கட்டும் முறை. 690இல் தொடங்கிய வழக்கம் இது. 20 வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அளவில், அதே ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) வகை மரத்தில் புதுக் கோயில் எழுப்பி, சூரிய தேவியான அமதெராசுவை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறு வருடத்துக்கும் மேல் நின்றுபோய், மறுபடி தொடர்ந்தது. 2013இல் நடந்தது 62ஆவது முறை, அடுத்தது 2033இல். மூத்த தச்சரிடமிருந்து இளையவர் கைக்குத் தொழில் போய்ச் சேர அந்த 20 வருட இடைவெளி போதும். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பழைய மரமும் வீணாவதில்லை. உள்கோயில் நுழைவிலுள்ள உஜி பாலத்தின் இரு முனைகளிலும் நிற்கும் தோரண வாயில்கள் பழைய சன்னதித் தூண்களில் செய்தவை. அம்மாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மரபுப்படி முதலில் வெளிக்கோயில் கெகூ, அப்புறம் உள்கோயில் நைகூ. நடுவில் பேருந்து உண்டு. பாதை முழுக்கச் சரளைக்கல், நைகூ சன்னதிக்குக் கல்படி ஏற வேண்டும். அம்மாவுக்கு நல்ல காலணி முக்கியம். படிக்கு மேல் படம் எடுக்கக்கூடாது.