அம்மாவுக்கு மரபணுப் பரிசோதனை, வேண்டாம் என்கிறார் மாமா

கேள்வி: என் அம்மாவுக்கு 57 வயது. சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. ஆபரேஷன் முடிந்து, ஆறு கீமோவில் நான்கு ஏற்றியாயிற்று. இப்போது 'பிஆர்சிஏ' மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார் டாக்டர். என் சித்தி 41 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். என் தங்கையை மாமா மகனுக்கே கொடுப்பதாகப் பேச்சு நடக்கிறது. "பரம்பரை வியாதி என்று பெயர் வந்தால் குடும்பத்துக்கு நல்லதா? தோண்டாதீர்கள்" என்கிறார் மாமா. அம்மாவோ, "என் ரத்தம்தான் உங்களைக் கெடுத்ததா?" என்று அழுகிறார். எனக்கு 35 வயது, இரண்டு பிள்ளைகள். என்ன செய்வது?
- கும்பகோணம் வாசகி

பதில்: அன்புச் சகோதரி, பரிசோதனையைச் செய்துவிடுங்கள். கீமோ முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எல்லோரும் தங்கையின் கல்யாணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். இந்தப் பரிசோதனை முதலில் அம்மாவுக்கானது, அவருடைய சிகிச்சைக்கானது. நம் செல்களில் டிஎன்ஏ தினமும் சேதமாகிறது, உடம்பு அதைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. அந்த வேலையில் முக்கியப் பங்கு பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களுக்கு. இவற்றில் ஒன்று கெட்டுப்போனதால் வளர்ந்த புற்றுநோய் என்றால், அந்தச் செல்கள் 'பார்ப்' என்ற இன்னொரு நொதியை நம்பித்தான் பிழைக்கின்றன. அதையும் தடுத்துவிட்டால் பழுதைச் சரிசெய்ய வழியில்லாமல் செத்துப்போகும். ஓலாபரிப் மாத்திரை செய்வது அதைத்தான்.

உங்கள் அம்மாவைப் போல மூன்றாம், நான்காம் நிலையில் இருந்து, கீமோவுக்கு நோய் கட்டுப்பட்ட, பிஆர்சிஏ மாற்றம் உள்ள பெண்களுக்கு இந்த மாத்திரையை இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. நோய் மறுபடி தலைதூக்குவதோ மரணமோ நேரும் அபாயம் 70 சதவீதம் குறைந்திருந்தது. ஏழு வருடம் கழித்து, மாத்திரை எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். எடுக்காதவர்களில் 46 சதவீதம் பேர்தான். சினைப்பைப் புற்றுநோயில் இப்படி ஒரு வித்தியாசத்தைப் பார்ப்பது அபூர்வம். மாத்திரைக்கு விலை அதிகம், ரத்தசோகையும் அசதியும் வரலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கீமோ முடிந்து சில வாரங்களுக்குள் தொடங்க வேண்டிய மருந்து இது. பரிசோதனை முடிவு வரவே மூன்று நான்கு வாரம் ஆகலாம். அதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்றேன்.

ரத்தத்தில் மாற்றம் இல்லையென்று வந்தாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். சிலருக்குக் கட்டியில் மட்டும் மாற்றம் இருக்கும். ஆபரேஷனில் எடுத்த திசுவை வைத்திருப்பார்கள், அதிலும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கட்டியில் மட்டும் இருப்பது பிள்ளைகளுக்குப் போகாது.

சரி, இனி உங்கள் விஷயம். அம்மாவின் ரத்தத்தில் மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சாதாரணமாக நூறு பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும். பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள நூறு பேரில் சுமார் நாற்பது பேருக்கு வரலாம், பிஆர்சிஏ2 என்றால் அதைவிடக் குறைவு. ஸ்கேனோ, சிஏ-125 ரத்தப் பரிசோதனையோ இதை ஆரம்பத்திலேயே பிடித்துவிடும் என்று நம்பி உட்கார முடியாது. அதனால், பிள்ளை பெற்று முடித்தவர்களுக்குச் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். பிஆர்சிஏ1-க்கு 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2-க்கு 40 முதல் 45. (குழாயையும் ஏன் எடுக்க வேண்டும் என்றால், இந்தப் புற்றுநோய் பலருக்கு அங்கேதான் தொடங்குகிறது.) உங்களுக்கு இப்போது 35. ஆனால் நீங்கள் முந்திக்கொண்டு உங்கள் ரத்தத்தைக் கொடுக்க வேண்டாம். அம்மாவிடம் என்ன மாற்றம் என்று தெரியாமல், உங்களுக்கு 'இல்லை' என்று வந்தால் அதற்கு முழு அர்த்தம் கிடையாது.

மாமாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இருந்தால், உடன்பிறந்த அவருக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. ஆண்களுக்கு இது புராஸ்டேட், கணையம், மார்பகப் புற்றுநோய்களின் அபாயத்தைக் கூட்டும். அவர் வழியாக மகனுக்கும் போயிருக்கலாம். அந்த மகனுக்குத்தான் உங்கள் தங்கையைக் கொடுக்கப் பேசுகிறீர்கள். கணவன் மனைவி இருவரிடமும் பிஆர்சிஏ2 மாற்றம் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எலும்பு மஜ்ஜை செயலிழக்கும், சின்ன வயதிலேயே புற்றுநோய் வரும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த மாற்றம் முதலில் அம்மாவிடம் இருக்க வேண்டும், பிறகு மாமாவுக்கும், அவர் மகனுக்கும், உங்கள் தங்கைக்கும் வந்திருக்க வேண்டும். எல்லாம் ஒன்றுசேர்வது அரிது. ஆனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள முடிகிற ஒன்றை, கல்யாணத்தைக் காரணம் காட்டி மறைப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

அம்மாவின் அழுகைதான் என்னை அதிகம் பாதித்தது. அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அவரிடம் மாற்றம் இருந்தால், அது அநேகமாக அவருடைய அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும். ஒரு நாளும் நோய் என்று படுக்காத தாத்தாவிடமிருந்துகூட வந்திருக்கலாம். அவர் செய்த எதனாலும் வந்ததல்ல, அவர் தடுத்திருக்கக்கூடியதும் அல்ல. அவர் கொடுக்கப்போகிற ரத்தம் அவருக்குச் சரியான மருந்தைக் காட்டலாம், இரண்டு மகள்களுக்கும் முன்னெச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

பரிசோதனைக்கு முன்பும் பின்பும் மரபணு ஆலோசகர் ஒருவரிடம் பேசுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே கிளினிக் இருக்கிறது. சில சமயம் 'மாற்றம் இருக்கிறது, அதன் பொருள் இன்னும் தெளிவில்லை' என்று ரிப்போர்ட் வரும். அதை வைத்து யாருக்கும் ஆபரேஷன் முடிவு செய்யக் கூடாது. ஆலோசகர் தாத்தா பாட்டி வரை யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் என்று கேட்டு எழுதுவார். பெரியவர்களின் கதை மாமாவுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். அன்றைக்கு அவரையும் கூடவே அழைத்துப் போங்கள்.