வாசகர் கேள்வி பதில்: வேலை நேரத்துலயே கத்துக்க விடலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட்ல லாரி, டிராக்டர் வொர்க்‌ஷாப் வச்சிருக்கேன், பதினாலு பேரு வேலை செய்றாங்க, பாதி வேலை தோட்டத்து செம்பனை லாரிங்கதான். மெக்கானிக் பையன் ஒருத்தன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் விடுங்க பாஸ், பழைய ஹைட்ராலிக் பம்ப்ப பிரிச்சு பாத்து கத்துக்கிறேன்னு கேக்குறான். சம்பளமும் குடுத்து நேரமும் குடுத்தா, கத்துக்கிட்டு வேற கடைக்கு போயிட மாட்டானா?

பதில்: குடுங்க தம்பி, சம்பளத்தோடயே குடுங்க. போனாலும் போவான்தான், ஆனா கத்துக்க வழியே இல்லன்னுதானே நம்ம பையனுங்க ஈப்போ, சிங்கப்பூர்னு கிளம்பிப் போறாங்க?

இது புதுசும் இல்ல. அமெரிக்காவுல 3எம் கம்பெனி 1948லேர்ந்தே 15 சதவீத நேரத்த ஆளுங்க சொந்த யோசனைக்குன்னு விட்டுச்சு. அங்க ஸ்பென்சர் சில்வர்னு ஒருத்தரு 1968ல லேசா ஒட்டி சுலபமா உரியுற பசை ஒண்ணு கண்டுபிடிச்சாரு, யாருக்கும் அது எதுக்குன்னு தெரியல, 1974ல ஆர்ட் ஃப்ரைங்கிறவரு சர்ச் பாட்டு புத்தகத்துல வச்ச சீட்டு விழுந்துகிட்டே இருக்கேன்னு அந்த பசைய இந்த 15 சதவீத நேரத்துல எடுத்து முயற்சி பண்ணாரு, அப்படி வந்த போஸ்ட்-இட், அதான் ஒட்டி எடுக்குற குறிப்புச் சீட்டு, அமெரிக்கா முழுக்க கடைக்கு வந்தது 1980லதான். அதனால மூணு மாசத்துல வந்து என்னடா செஞ்சேன்னு கேட்டுடாதீங்க.

எனக்கு பயமெல்லாம் வேற இடத்துலதான். கூகுள் 20 சதவீத நேரம்னு பெருமையா சொல்லிச்சு, அங்க பெரிய பொறுப்புல இருந்த மரிசா மேயரே பின்னாடி அது உண்மையில 120 சதவீதம்னு சொல்லிட்டாங்க, அதாவது முழு வேலையையும் முடிச்சிட்டு அதுக்கு மேலதான் சொந்த வேலை. உங்க கடையில செம்பனைக் குலை அதிகமா வர்ற செப்டம்பர், அக்டோபர்ல லாரி வரிசையா நிக்கும், அப்போ "இந்த வாரம் மட்டும் விட்டுடுடா"ன்னு சொல்லத் தோணும். ஒரு தடவை சொன்னா அடுத்த வாரமும் சொல்வீங்க, அப்புறம் அவன் கேக்கவே மாட்டான். வேணும்னா நாள மாத்துங்க, நேரத்த எடுக்காதீங்க.

இன்னொண்ணு, எஸ்கேஎம்ங்கிற மலேசியத் தொழில்திறன் சான்றிதழ, பிபிடி வழியா, அதாவது முன்னாடி கத்துக்கிட்டத அங்கீகரிக்கிற முறையில, வேலை அனுபவத்த வச்சே எடுக்கலாம், ஆனா செஞ்ச வேலைய ஆதாரத்தோட கோப்பா தொகுத்து காட்டணும், ராத்திரி களைச்சுப்போய் வந்து யாரு அத எழுதுவா? அந்த ரெண்டு மணி நேரத்துல எழுதட்டும். ஆளுங்களுக்கு பயிற்சி குடுக்குறதுக்கான அரசு அமைப்பு எச்ஆர்டி கார்ப்புக்கு லெவி, அதான் முதலாளி கட்டுற பயிற்சிக் கட்டணம், கட்டுறீங்கன்னா அது உங்க காசுதான், கோர்ஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே விண்ணப்பிச்சு அதுலேர்ந்தே பீஸ் கட்டலாம்.

கேள்வி: எங்க ஆபீஸ்ல படிங்க படிங்கன்னு சொல்றாங்க அண்ணே, ஆனா ஞாயித்துக்கிழமை, சம்பளம் இல்லாம. சரியா?

பதில்: சரியில்லம்மா. முதலாளி வரச் சொல்லி வந்தா அது வேலைதான். ஓய்வு நாளுக்கு என்ன சம்பளம்னு லேபர் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க, கேக்குறதுக்கு காசு கட்ட வேண்டாம்.