டேலில்லி பூத்து முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

டேலில்லியின் ஒரு பூவுக்கு ஆயுள் ஒரே நாள்தான். ஆனால் ஒரே தண்டில் பல மொட்டுகள் அடுத்தடுத்துக் காத்திருக்கும். அதனால் நனைந்த காகிதம் போலத் தொங்கும் வாடிய பூவை மட்டும், அடியில் இருக்கும் பச்சை முண்டோடு சேர்த்துக் கிள்ளுங்கள். அந்த முண்டுதான் காயாகும். விட்டால் செடியின் சத்து விதைக்குப் போய்விடும். மொட்டெல்லாம் தீர்ந்ததும் தண்டைத் தரையோடு ஒட்ட வெட்டலாம்.

இலையில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள். பச்சை இலை சமையற்கட்டு மாதிரி. அங்கே ஆக்கியது, குதிரில் நெல் சேர்வது போல வேரில் அடுத்த பருவத்துக்குச் சேர்கிறது. நன்றாகக் காய்ந்த இலை லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும்.

அப்புறம், பெயரில் லில்லி இருப்பதால் வெங்காயம் போன்ற கிழங்கைத் தோண்டி எடுத்து வைக்கவேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். இதற்கு இருப்பது சதைப்பற்றான வேர்தான், அது மண்ணிலேயே இருக்கட்டும்.