சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் உபவாச ஜெபத்தில் இருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் காலை 10 முதல் மதியம் 2 மணி வரை உபவாச ஜெபம். காலைச் சாப்பாடு இல்லாமலே போவேன். போன வாரம் பாதியில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா, "விசுவாசம் இருந்தால் ஒன்றும் ஆகாது" என்றார். மகனின் வேலைக்காக ஒரு வருடமாக உபவாசிக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு ஜெபித்தால் ஜெபத்தின் வல்லமை குறையுமா?

பதில்: சகோதரி, முதலில் உடம்பைப் பார்ப்போம். நீங்கள் சொல்கிற நடுக்கமும் வியர்வையும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது வருகிறவை. மறுபடி அப்படி வந்தால், ஜெபம் நடந்துகொண்டிருக்கிறதே என்று பார்க்காதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். அப்புறம் ஏதாவது சாப்பிடுங்கள். அப்படியும் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு வெறும் வயிறு உண்மையிலேயே ஆபத்து. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்த ஆபத்து குறைவு. எதுவானாலும் மருந்துச் சீட்டோடு டாக்டரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள். அதுவரை வெறும் வயிற்று உபவாசம் வேண்டாம். உபவாசத்துக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இனி அந்த அக்கா சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். அவர் அன்போடுதான் சொல்லியிருப்பார். ஆனால் கிட்டத்தட்ட அதே வார்த்தையை வேதத்தில் சொல்கிறவன் யார் தெரியுமா? இயேசு 40 நாள் உபவாசித்து முடித்த பிறகு தேவாலயத்து உப்பரிகையில் அவரை நிறுத்தி, "குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள்" என்கிறானே, அந்தப் பிசாசுதான். கர்த்தரைச் சோதிக்கக்கூடாது என்று சொல்லி இயேசு மறுத்துவிட்டார். உடம்பைப் பணயம் வைத்து விசுவாசத்தை நிரூபிக்கும் வேலையை அவரே செய்யவில்லை, உங்களிடம் கேட்கவும் மாட்டார்.

சபைகளும் இதை அறிந்துதான் வைத்திருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். அந்தக் கடமை 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்குத்தான், நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. ஒருசந்தி இருப்பவரும் ஒரு வேளை வயிறாரச் சாப்பிடலாம். தானியேல் மூன்று வாரம் துக்கித்து ஜெபித்தபோது ருசியான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும்தான் விலக்கினார். வெறும் வயிற்று உபவாசம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் நீங்களும் அந்த வழியில் போகலாம். இரண்டு இட்லியோ கோதுமைக் கஞ்சியோ நேரத்துக்குச் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காபி, கறி, மீன், சாயங்காலப் பலகாரம், டிவி சீரியல் என்று உங்களுக்கு விட மனசில்லாத ஏதாவது ஒன்றை அன்றைக்கு விடுங்கள். எனக்குத் தெரிந்து சீரியலை விடுவது பலருக்குச் சோற்றை விடுவதைவிடக் கஷ்டம்.

வல்லமை குறையுமா என்று கேட்டீர்கள். பசி கர்த்தருடைய கையை முறுக்குகிற கருவி இல்லை. உபவாசம் வேலை செய்கிற இடம் நாம்தான். வழக்கமாகச் சாப்பிடுகிற நேரம் வந்ததும் பசி கிளம்பும், கூடவே எரிச்சலும் வரும், மருமகள் சாதாரணமாகக் கேட்டதுகூடக் குத்தலாகத் தெரியும். எதை நம்பி நாளை ஓட்டுகிறோம் என்பது அந்த நேரத்தில் வெளியே வந்துவிடும். அப்போது எழுந்துபோய் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசித்து, "ஆண்டவரே, எனக்குள் இருப்பது இதுதான்" என்று ஒளிக்காமல் சொல்கிறோமே, விசுவாசம் பலப்படுவது அங்கேதான். விலக்கியது காபியாக இருந்தாலும் இது நடக்கும். ஜெபம் சேராவிட்டால் மூன்று நாள் பட்டினி கிடந்தாலும் அது பத்தியம்தான்.

நான்கு மணி நேரமும் மைக்கும் பாட்டுமாகவே போகிறது என்றால், அரை மணி நேரமாவது அமைதியாக இருக்கவிடும்படி போதகரிடம் கேளுங்கள். அந்தியோகியாவில் சபையார் ஆராதித்து உபவாசித்துக்கொண்டிருந்தபோதுதான் பர்னபாவையும் சவுலையும் ஊழியத்துக்குப் பிரித்துவிடுங்கள் என்ற கட்டளை வந்தது. பேசிக்கொண்டே இருந்தால் எப்படிக் கேட்பது?

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். "நாங்கள் உபவாசம் பண்ணும்போது நீர் ஏன் பாராதிருக்கிறீர்" என்று ஜனங்கள் முறையிட்டதற்கு ஏசாயா 58-ல் பதில் இருக்கிறது: பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு. 2-ம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ நூல் ஒன்று, உபவாச நாளில் மிச்சமான சாப்பாட்டுச் செலவைக் கணக்குப் பார்த்து விதவைக்கும் அநாதைக்கும் கொடுக்கச் சொல்கிறது. கைப்பிடி அரிசி எடுத்து வைத்துப் பழகிய நம் வீடுகளில் இது ஒன்றும் புதிதில்லை.

மகன் விஷயம். இத்தனை நாள் உபவாசித்தால் இன்ன தேதிக்குள் வேலை என்று என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தாவீது தன் குழந்தைக்காகத் தரையில் விழுந்து கிடந்து உபவாசித்தார். ஏழாம் நாள் குழந்தை இறந்துபோனது. வேலைக்காரர்கள் அதைச் சொல்லவே பயந்தார்கள். அவரோ எழுந்து குளித்து, எண்ணெய் பூசி, உடை மாற்றி, ஆலயத்துக்குப் போய்த் தொழுதார், அதற்கு அப்புறம்தான் சாப்பாடு கேட்டார். கேட்டது கிடைக்காத அன்றைக்கும் அவர் கால் ஆலயத்துக்குத்தான் போனது. இந்த ஒரு வருடமும் நீங்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் போயிருக்கிறீர்கள். அதைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை கைப்பையில் சர்க்கரைப் பொட்டலமும் பிஸ்கட்டும் இருக்கட்டும். உங்களுக்குச் சுகர் இருப்பதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறீர்கள் என்பதையும் கூட்டம் நடத்துகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உபவாசத்தை அந்தரங்கமாக வைக்கச் சொன்ன இயேசு, நோயை மறைக்கச் சொல்லவில்லை.